தகட்டுக்கு ஒரு வாளி தண்ணீர்

கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்துகொண்டு உன்னோடு கதைக்கிறேன். உனக்குக் கேட்குமோ தெரியாது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் கேட்கும் என்று பெர்னடெட் மிஸி போன கிழமை சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகள் அவருடைய கையில்தான் விழுந்தன.

நான் உன் சின்னம்மா. பெயர் குணலட்சுமி, வீட்டில் குணம். வயது பதினைந்து. உள்ளே கட்டிலில் கிடப்பது என் அக்கா செல்வநாயகி, உன்னைப் பெறப்போகிறவள். தலைமாட்டில் நிற்பது என் அம்மா. கால்மாட்டில் மிஸி. கலியாணம் ஆகாத பெட்டை பிள்ளைப்பேற்று அறைக்குள் நிற்கக்கூடாது என்று என்னை வெளியே விட்டிருக்கிறார்கள். என் தகப்பன், நாங்கள் ஐயா என்கிறவர், விறாந்தையில் நடக்கிறார். கோடிவரை போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார். உன் அப்பா தியாகராசா அத்தான் மலாயாவில் றெயில்வேயில் வேலை. இந்த நேரம் இங்கே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

கதவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வருகிறது. லாம்பு வெளிச்சம் மாதிரி ஆடவில்லை. கோடு கீறி வைத்ததுபோல அப்படியே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். அம்மாவிடம் ஒரு ஆறுதல் இருந்தது. அது பொய்யானது என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னது நான். அதற்குப் பதிலாக அம்மாவிடம் இப்போது இருப்பது இந்த வெளிச்சம் மட்டும்தான். நீ அழவேண்டும். நீ அழாவிட்டால் அம்மாவின் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

உனக்கு முன்னே இரண்டு பேர். முதலாவது ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது நாள் நிரம்பிப் பிறந்தது, முந்தின வருஷம், மாரி மழைக்குள். யன்னலைச் சாத்தியும் வாடைக்காற்று உள்ளே வந்து சிமினி லாம்பை ஆட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளை மெல்லமாக ஒருதரம் அழுதது. துடைத்துச் சுற்றி அக்காவின் பக்கத்தில் கிடத்தினார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். ஐயா சர்க்கரை எடுத்து எனக்குத் தந்தார். அந்தச் சர்க்கரை என் வாயில் இருக்கும்போதே உள்ளே அம்மா ஓவென்று குளறி அழுதார்.

மிஸி பிறகு குசினியில் வந்து இருந்தார். அவர் அம்மாவுக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது. “லாம்பு வெளிச்சத்திலை எல்லாப் பிள்ளையும் மஞ்சளாத்தான் தெரியும், அம்மா. நீலம் பாரிச்சதை நான் காணேல்லை. பகலெண்டால் கண்டிருப்பன்.”

நீ உண்டானபோது ஆசுப்பத்திரிக்குப் போகலாம் என்று மிஸியும் ஐயாவும் சொல்லிப் பார்த்தார்கள். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா பக்கத்தில் நிற்காத இடத்தில் தான் பிள்ளை பெறமாட்டாளாம். மிஸி அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். அப்படியென்றால் இந்த அறைக்குள் எலெக்ரிக் லைற் போட்டுத் தரவேண்டும் என்று ஐயாவிடம் கேட்டார். எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் கம்பம் அப்போதுதான் வந்திருந்தது. சந்தியில் இருக்கிற, கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்தர் வீட்டில் மட்டும் லைற் எரியும். இராத்திரியில் பூச்சி எல்லாம் அங்கேதான் போகும்.

கரண்ட் கடையில் வாங்குகிற சாமான் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐயா றெயில் ஸ்ரேசனில் சாமான் கிளாக்கர், கடுதாசி வேலை அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அவரே நகரசபைக்கும் வீட்டுக்கும் நடந்து களைத்துவிட்டார். முதலில் நகரசபையிடம் விண்ணப்பித்துப் பெர்மிற் எடுக்கவேண்டும். லைசன்ஸ் உள்ள ஒருவர்தான் வயர் இழுக்கவேண்டும். இழுத்து முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து விழும்வரை கம்பத்திலிருந்து கரண்ட் தரமாட்டார்கள். சுவரில் இருக்கிற சுவிச்சும் கூரையில் தொங்குகிற பல்ப்பும் அதுவரை வெறும் அலங்காரம்.

வயர் இழுக்க வந்தவர் குருநகர்ச் சந்தியோகு. அவருடைய தகப்பன், அண்ணைமார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி வரும். அதனால் கடலைவிட்டுக் கம்பத்தில் ஏறினாராம். அலை இல்லாத இடமாகப் பார்த்து ஏறினவன் என்று அண்ணைமார் இன்னும் பகிடி பண்ணுவார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். அம்மா அவரோடு நேரே கதைப்பதில்லை. சாமி அறைச் சுவரில் ஆணி அடிக்கவேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லச் சொன்னார். சந்தியோகு ஒன்றும் கேட்கவில்லை. வயரை வெளிச்சுவரால் சுற்றிக் கொண்டுபோனார்.

அம்மா உனக்காக நேர்த்தி வைத்துச் சந்நிதி கோயிலுக்குப் போன அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, சந்தியோகு கிணற்றடியில் குழி தோண்டினார். வாழைக்குப் பக்கத்தில், குளிக்கிற தண்ணி ஓடுகிற இடத்தில். வேறு எங்கே தோண்டினாலும் எங்கள் வளவில் முழங்கை ஆழத்தில் கல் வந்துவிடும். காய்ந்த கல் கரண்டை விழுங்காது என்றார். ஏன் விழுங்கவேண்டும் என்று கேட்டேன். வயர் எங்கேயாவது பழுதாகிக் கரண்ட் வழிதவறி வந்தால் அது மண்ணுக்குள் போக ஒரு பாதை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுவிச்சைத் தொடுகிற என் அக்காவின் கையால் போகும் என்றார். அதற்குப் பிறகு நான் குழியைவிட்டு அசையவில்லை.

குழிக்குள் வைப்பதற்கு ஒரு செப்புத் தகடு கொண்டுவந்திருந்தார். தாம்பாளம் அளவு, ஆனால் சதுரம். ஒரு ஆணியை எடுத்து அதன் நடுவில் சிலுவை கீறினார். அதைச் சுற்றி ஒரு கட்டமும் கீறினார். உதடு அசைந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, இது வயறிங் படிப்பில் இல்லை, தன்னுடைய வழக்கம் என்றார். பிறகு கரியும் உப்பும் கேட்டார். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்குமாம். குசினியில் இருந்து கரியைக் கடகத்திலும் உப்பைச் சிரட்டையிலும் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். தகட்டை வயரோடு முடுக்கி, தாட்டு, மேலே மண் போட்டார். பின்னேரம் அம்மா வந்து அக்காவுக்குத் திருநீறு பூசினார். குழியைப் பற்றி ஒரு கதையும் வரவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று எங்கள் ஒருவருக்கும் படவில்லை.

சில கிழமை போனது. ஒருநாள் விடியற்காலை நான் எழும்பிப் போனபோது அம்மா கிணற்றடியில் உடுத்த சேலையோடு தலைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு நின்றார். செத்த வீட்டுக்குப் போய்வந்தவர்கள் குளிப்பதுபோல. என்னவென்று கேட்டேன். வாயில் விரலை வைத்தார். மத்தியானம்வரை ஒருவரோடும் கதைக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். இரண்டாவது பிள்ளை போனபிறகு அம்மா ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. நின்றபடி சாப்பிடுவார். அக்காவின் வயிற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கதைப்பார். இப்போது படுத்தவுடன் குறட்டை. ஐயாவின் வழுக்கையைப் பற்றிப் பகிடி சொன்னார். அக்காவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு, “இந்தமுறை ஒண்டும் நடவாது, மோனை. எனக்குத் தெரியும்” என்றார். அந்தக் குரலில் அக்காவும் தேறினாள். ஏன் என்று தெரியாமலே நானும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். பொன்னம்பலம் என்று பெயர். காக்கிக் காற்சட்டை, தொப்பி, கையில் பிடி வைத்த ஒரு மரப்பெட்டி. அந்தப் பிடியைச் சுற்றினால் பெட்டிக்குள் இருக்கிற முள் ஆடும். அறை அறையாகப் பார்த்தார். ஒவ்வொரு சுவிச்சையும் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையாட்டினார். கடைசியில் கிணற்றடிக்குப் போய்ப் பெட்டியை வயரில் கொழுவிச் சுற்றினார். மறுபடி சுற்றினார். பிறகு வயரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வேர் இல்லாத புல்லுப்போல அது கையோடு வந்தது. நுனி வெட்டுப்பட்டிருந்தது.

சந்தியோகு தானே மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார். கரி வந்தது. ஈர மண் வந்தது. தகடு இல்லை.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன். தகடு தாட்டதாகச் சொல்லிவிட்டு வயரை மட்டும் மண்ணுக்குள் குத்திவிட்டுப் போகிறவர்களைத் தான் முன்பும் பிடித்திருப்பதாகச் சொன்னார். லைசன்ஸைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும் என்றார்.

“நான் தாட்டனான், சேர்,” என்றார் சந்தியோகு. “மாதா அறியத் தாட்டனான்.”

நான் விறாந்தையில் நின்றபடி, தாட்டதைக் கண்டேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியென்றால் யார் எடுத்தது என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை இந்த ஒழுங்கையால் தான் மறுபடி போவதாகவும், அதற்குள் தகடு இருந்தால் சோதிப்பதாகவும் சொன்னார். இல்லாவிட்டால் எங்கள் முறை அடுத்த மாதம்தான். அடுத்த மாதம்வரை நீ பொறுக்கமாட்டாய் என்று மிஸி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அப்போது நான் தற்செயலாகக் குசினி வாசலைப் பார்த்தேன். அம்மா பாதி மறைந்து நின்றார். கையில் அகப்பை. அவர் இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை, சந்தியோகுவையும் பார்க்கவில்லை. குழிக்கு வெளியே கிடந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகு உள்ளே போனேன். அம்மா அணைந்த அடுப்புக்கு முன்னால் இருந்தார்.

“குணம், உவன் தாட்ட தகடு எப்பிடி இருந்தது?”

கையால் அளவு காட்டினேன்.

“அதிலை கட்டம் கீறிக் கிடந்ததே?”

“கட்டத்துக்கை சிலுவை, அம்மா. தன்ரை வழக்கம் எண்டு கீறினவர்.”

“சுடலைக் கரி எண்டெல்லோ நினைச்சன்.” அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தார். “உப்பும் கிடந்ததே.”

“அது எங்கடை உப்பு, அம்மா. உந்தச் சாடியிலை இருந்து நான்தான் சிரட்டையிலை அள்ளிக் குடுத்தனான்.”

உனக்கு இது விளங்காது, சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குக் கெடுதி நினைக்கிறவர்கள் செய்வினை செய்விப்பார்கள் என்று சனம் பயப்படும். செப்புத் தகட்டில் கட்டம் கீறி, சுடலைக் கரியோடு இரவில் வளவுக்குள் தாட்டுவிட்டுப் போவார்களாம். அந்த வீட்டில் பிள்ளை தங்காதாம். அதைக் கண்டெடுத்தவர் ஒருவருக்கும் சொல்லக்கூடாது. வேப்பிலையில் சுற்றி, விடியமுன் கடலில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து குளிக்கவேண்டும். சொன்னால் வெளியே போனது திரும்ப வந்துவிடும்.

உன்னைக் குளிப்பாட்டுகிறதற்கு மஞ்சள் நடுவோம் என்று ஈரமண்ணைக் கொத்தப்போய் அம்மா அதைக் கண்டிருக்கிறார். இரண்டு பிள்ளை ஏன் போனது என்று அம்மா தேடிக்கொண்டிருந்த பதில் மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்கிறது. வயரை அந்தத் தகட்டில் கட்டியிருந்த மந்திரக் கம்பி என்று நினைத்துக் கத்தியால் அறுத்திருக்கிறார். தனியாகப் பண்ணைக் கடலுக்கு இருட்டில் நடந்து போயிருக்கிறார், நாயைக் கண்டாலே ஒதுங்குகிற அம்மா. அதுதான் அந்த நித்திரை. அதுதான் அந்தச் சிரிப்பு.

அம்மா அகப்பையால் அடுப்புச் சாம்பலைக் கீறினார். பிறகு என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளை ஆசிரியரைப் பார்க்கிறதுபோல.

“அப்ப அந்த ரெண்டையும் ஆர் எடுத்தது?”

ஒருவரும் எடுக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதைவிடக் கொடுமையான பதில் இல்லை என்று பட்டது. பக்கத்தில் இருந்து அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தானின் தமக்கைதான் செய்வித்தாள் என்று அம்மா மனதுக்குள் வைத்திருந்தாராம். அந்த மனிசிக்கு இரண்டு வருஷமாக முகம் கொடுக்கவில்லை. “பாவம், அவள் ஒண்டும் செய்யேல்லை,” என்றார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

இதைச் சந்தியோகுவுக்குச் சொல்லவேண்டும் என்றேன். அம்மா தலையாட்டினார், ஆம் என்றும் இல்லை என்றும் தெரியாத மாதிரி. “செய்வினை இல்லையெண்டு உனக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும். நெஞ்சுக்குத் தெரியேல்லையே, பிள்ளை. நான் வாயைத் திறந்து, செல்வத்துக்கு ஏதும் வந்தால்?”

அங்கேதான் என் பயம் தொடங்கியது.

பின்னேரம் சந்தியோகு தன் வயர் வேலை ஆயுதப் பெட்டியை எடுத்துப்போக வந்தார். முகம் செத்துக் கிடந்தது. ஐயா கதிரையில் இருந்தபடி நிலத்தைப் பார்த்தார். நம்புவதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது அம்மா குசினியைவிட்டு விறாந்தைக்கு வந்தார். வெளி ஆட்கள் நிற்கும்போது அவர் வராத இடம் அது.

“சந்தியோகு, தகடு நான் எடுத்தனான். செய்வினை எண்டு நினைச்சுப் பண்ணைக் கடலுக்கை போட்டிட்டன்.”

ஐயா எழும்பி நின்றார். அம்மாவின் கை கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது, யாரோ பின்னால் இருந்து இழுப்பதுபோல. சொல்லிமுடித்துவிட்டு எதற்கோ காதுகொடுக்கிறவர்போல நின்றார். வாழை இலை அசைந்தது. உள்ளே அக்கா இருமினாள். வேறு ஒன்றும் வரவில்லை.

சந்தியோகுவின் முகம் முதலில் சிவந்தது. “என்ரை லைசன்ஸெல்லோ போகப் பாத்துது, அம்மா.” பிறகு படியில் இருந்தார். இருந்தவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். “எங்கடை வளவிலை கண்டிருந்தால் என்ரை ஆத்தையும் அதையேதான் செய்திருப்பா. சுவாமியாரையும் கூட்டிவந்து தண்ணி தெளிச்சிருப்பா. உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு நான் தாட்டிருக்கோணும்.”

ஆனால் புதுத் தகடு வேண்டும். சனிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. பட்டினத்து இரும்புக்கடைகளில் அந்த அளவில் தகடு இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். எந்த றெயிலில் வந்தாலும் அதற்குள் வராது என்று ஐயாவைவிட யாருக்குத் தெரியும்?

அம்மா உள்ளறைக்குப் போனார். எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. செப்புக் கிடாரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்றவளுக்கு இலை குழை போட்டுத் தண்ணி காய்ச்சி வார்ப்பதற்கென்று அக்காவின் முதல் பிள்ளைக்காக வாங்கினது. இரண்டு முறை அதில் தண்ணி காய்ந்தது. இரண்டு முறையும் அம்மா அக்காவை வார்த்துத் துடைத்தபோது பக்கத்து அறையில் பிள்ளைச் சத்தம் இல்லை. அதற்குப் பிறகு அது மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

“உந்தக் கிடாரத்தைத் தட்டித் தகடாக்கேலுமோ?”

சந்தியோகு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். “நல்ல செம்பு. ஆனா அம்மா, உது பிள்ளைப்பேத்துக்கு வைச்சிருக்கிற...”

“நான் தண்ணியை மண்பானையிலை காய்ச்சுவன். உதுக்குள்ளை இனி என்னாலை தண்ணி வைக்கேலாது.”

கன்னாதிட்டியில் பாத்திரம் அடிக்கிற ஒருவர் அதன் அடியை வெட்டித் தட்டிக் கொடுத்தார். வெள்ளி பின்னேரம் சந்தியோகு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். சுத்தியல் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் குழியாக மினுங்கியது. இந்தமுறை அம்மா குழிக்குப் பக்கத்தில் நின்றார். அக்காவும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து வாழையடியில் நின்றாள். சந்தியோகு ஆணியை எடுத்தார், பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“கீறும்,” என்றார் அம்மா. “போனமுறை தெரியாமல் எடுத்தனான். இந்தமுறை தெரிஞ்சு தாட்டு விடுறம்.”

அவர் சிலுவை கீறினார். அம்மா மடியில் இருந்த திருநீற்றை எடுத்து அதற்கு மேலே மூன்று குறி இழுத்தார். உப்பையும் அம்மாதான் போட்டார். ஒவ்வொரு பிடிக்கும் இவ்வளவு போதுமோ என்று கேட்டார்.

“கறிக்கே போடுறியள், அம்மா? அள்ளிப் போடுங்கோ.”

அக்கா சிரித்தாள். நீயும் உள்ளே புரண்டிருக்கவேண்டும், ஏனென்றால் அவள் உடனே வயிற்றில் கை வைத்தாள்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் பெட்டியைச் சுற்றினார். முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. மறுபடி சுற்றினார், அப்போதும் நின்றது. போனமுறைத் தகட்டுக்கு என்ன நடந்தது என்று ஐயாவிடம் கேட்டார். சந்தியோகுவின் வேலை பழுது என்று குறித்துவிட்டேன், காரணம் தெரிந்தால்தான் அதை வெட்டலாம் என்றார். ஐயா தொண்டையைச் செருமினார். கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது, செய்வினை என்று நினைத்துத் தான் எடுத்ததாக. இரண்டாவது தரம் சொல்வது அம்மாவுக்கு இன்னும் கடினம் என்று எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். கறையான் தின்றதை எழுதியிருக்கிறாராம், எலி கடித்ததை எழுதியிருக்கிறாராம். “இதுக்கு நான் என்னெண்டு எழுதுறது?”

“திருத்தியாச்சு எண்டு எழுதுங்கோ, சேர்,” என்றார் ஐயா.

அப்படியே எழுதினார். சந்தியோகு வாழைக்குப் பின்னால் திரும்பிநின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். போகும்போது தகட்டைக் காயவிடாமல் இடைக்கிடை ஒரு வாளி தண்ணி ஊற்றும்படி அம்மாவிடம் நேராகச் சொன்னார்.

அடுத்த கிழமை ஏணியோடு ஆட்கள் வந்து கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்துத் தந்தார்கள். பின்னேரம் ஐயா சுவிச்சைப் போட்டார். அக்கா, வெளிச்சம் உன்னை எழுப்பிவிடுமோ என்பதுபோல இரண்டு கையாலும் வயிற்றை மூடினாள். அம்மா பல்ப்புக்குக் கீழே நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் இவ்வளவு கறுப்பென்று இன்றைக்குத்தான் தெரியும் என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஆனால் அம்மாவின் குறட்டை நின்றுவிட்டது. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். இரவில் நான் புரளும்போது அம்மா விழித்துக் கிடக்கிறது தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் தகட்டுக்கு ஒரு வாளி தண்ணி ஊற்றுகிறார். சந்தியோகு சொன்னதற்காகவோ, வேறு எதற்காகவோ, நான் கேட்கவில்லை. முன்பு அம்மாவுக்குக் கடலில் போட ஒரு தகடு இருந்தது. இப்போது அது இல்லை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. அதை அம்மாவுக்குச் செய்தது நான். அதனால்தான் சொல்கிறேன், நீ வா. வந்து அழு.

கதவு திறக்கிறது. அம்மா மண்பானையோடு நிற்கிறார். முகமெல்லாம் வேர்வை. என்னைத் தாண்டிக் குசினிக்குப் போய்ச் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு திரும்புகிறார். வாசலில் நின்று சொல்கிறார்.

“குணம், இண்டைக்குத் தகட்டுக்குத் தண்ணி ஊத்தேல்லை. போய் ஒரு வாளி ஊத்திப்போட்டு வா.”

எனக்கு இருட்டென்றால் பயம் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறார். கதவு சாத்துகிறது.

நான் போகிறேன். உன்னோடு கதைத்துக்கொண்டே போகிறேன். இது பின்விறாந்தை. இது படி. கால் வைக்கிற இடம் தெரியவில்லை. கிணற்றுத் துலாக் கயிறு கைக்கு ஈரமாக இருக்கிறது. வாளி கீழே போகிறது, தண்ணியில் விழுகிற சத்தம் உனக்குக் கேட்கிறதா? இதோ இழுக்கிறேன். வாழையடிக்கு வந்துவிட்டேன்.

இங்கே நின்றால் உன் அறை யன்னல் தெரிகிறது. வெளிச்சம் யன்னலால் வந்து வாழை இலையில் விழுகிறது. இலை பச்சையாக இருக்கிறது. இரவில் பச்சை நிறம் நான் கண்டதில்லை.

தண்ணி ஊற்றுகிறேன். மண் குடிக்கிற சத்தம்.

உள்ளே அக்கா ஒரு நீளமான சத்தம் வைக்கிறாள். அது நின்றுவிட்டது. விறாந்தையில் ஐயாவின் நடையும் நின்றுவிட்டது. இப்போது ஒன்றும் கேட்கவில்லை. யன்னலில் நிழல்கள் அவசரமாக ஓடுகின்றன. நீ எங்கே?

மிஸியின் குரல் வருகிறது, நான் கேட்டறியாத கடுமையோடு. “நீலம் பாரிக்குது. லைற்றுக்குக் கிட்டத் தூக்குங்கோ, அம்மா. இன்னும் கிட்ட. வாயைத் துடைக்கோணும். அசையாமல் பிடியுங்கோ.”

அழு. அழு, என்ரை குஞ்சு. எங்கடை உப்பு அது. எங்கடை கிடாரம் அது. உன்னோடை ஒருத்தருக்கும் பகை இல்லை. அழு.

மிஸி உன்னைத் தட்டுகிற சத்தம் ஒன்று. இன்னொன்று.

பழைய மரப்படலை கிறீச்சென்று திறக்கிறதுபோல ஒன்று கேட்கிறது. அது நீதான். மறுபடி நீ. இப்போது கோபமாக, பெரிதாக, மூச்சுக்கு மூச்சு, விடாமல்.

அம்மாவின் குரல் வருகிறது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்போல. “என்ன நிறம், மிஸி?”

“சிவப்பு. நீங்களே பாருங்கோ, அம்மா. நல்ல சிவப்பு.”

அம்மா பார்க்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. ஏனென்றால் உள்ளே ஒருவரும் கதைக்கவில்லை. நீ மட்டும்தான் கத்துகிறாய்.

வாளி வெறுமையாகக் கையில் இருக்கிறது. உள்ளே ஓடிவரவேண்டும். ஆனால் முதலில் இன்னொரு வாளி அள்ளுகிறேன்.